வெப்பத்தைத் திருப்பியனுப்பும் நாடா

ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங்கில் உள்ள செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், எண்ணெயின் வாடையை நீக்கும் கட்டம் வெற்றிடக் கலன்களில் ஏறத்தாழ 240 முதல் 260 பாகை செல்சியஸில் நடைபெறுவதால், அவற்றின் அருகே செல்லும் மின்கம்பிகளுக்கும் உணர்கருவிகளுக்கும் தனிக் காப்பு தேவைப்படுகிறது. வெப்பம் எதிரொளிக்கும் ஒட்டு நாடா இத்தகைய சூழலுக்கென உருவானது. கண்ணாடி இழைத் துணியின் ஒரு முகத்தில் மெல்லிய அலுமினியத் தாளும் மறுமுகத்தில் பசையும் கொண்ட இதன் அமைப்பு மிக எளியது.

சூடான பொருள் தொடாமலேயே அலைகளாக அனுப்பும் வெப்பம் கதிர்வீச்சு எனப்படும். 1879இல் ஸ்டெஃபான் கண்டறிந்த விதிப்படி இது கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 250 பாகையில் துருவேறிய எஃகுப் பரப்பொன்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3,400 வாட் வீசுகிறது. பளபளப்பான அலுமினியம் தன்மீது விழுவதில் இருபதில் ஒரு பங்களவே ஏற்று, எஞ்சியதைத் திருப்பிவிடுகிறது. ஆனால் இந்தத் திறன் பயன்படுவது சூடான பரப்புக்கும் நாடாவுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரைதான். நாடா சூடான குழாயைத் தொட்டுவிட்டால் வெப்பம் கடத்தலாகப் பாய்ந்துவிடும், அலுமினியமோ நல்ல கடத்தி. ஆகவே தடித்த கனிமக் கம்பளிக் காப்புக்கு இதை மாற்றாகக் கருதுவது தவறு.

அலுமினியம் 660 பாகையில்தான் உருகும், கண்ணாடி இழையும் 500 பாகையைத் தாங்கும் என்றாலும், நாடாவின் உண்மையான எல்லையை நிர்ணயிப்பது பசையே: அக்ரிலிக் பசை 150 பாகையை ஒட்டித் தளர, சிலிக்கோன் பசை 260 பாகை வரை பிடித்து நிற்கும். விற்பனையாளர் பெரிதாக அச்சிடும் எண் இவற்றில் எதைக் குறிக்கிறது என்று கேட்பது நல்லது.

ஜொகூர் நீரிணையின் உப்புக் காற்றும் ஆலையின் எண்ணெய்ப் படலமும் தூசியும் தாளின் பளபளப்பைக் குறைக்கும்போது, கதிர்வீச்சை ஏற்கும் பங்கும் கூடுகிறது. துடைப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. இன்னொரு சிக்கலும் உண்டு. பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தையும் குறைவாகவே வீசுவதால், அகச்சிவப்பு வெப்பமானி அதன் வெப்பநிலையை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பிக் கைவைப்பவர் சுட்டுக்கொள்வார் என்பதால், அளக்கும் இடத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புச் சாயம் பூசி அளப்பதே முறை.