கொழுப்பு மாத்திரை போட்டால் கால் வலிப்பது ஏன்?

கோவில்பதாகையில் காலை நடை போகிறவர்களிடம் கேளுங்கள், "கொழுப்பு மாத்திரையா? கால் குடைச்சல்தான் மிச்சம்" என்று ஒருவராவது சொல்வார். குடைச்சல் பொய்யல்ல, காரணம்தான் பெரும்பாலும் வேறு. 2020இல் வெளியான லண்டன் ஆய்வில், தொல்லை தாங்காமல் ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் அசல் மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத மாத்திரை, எது எதுவென்று சொல்லாமல் தந்தார்கள். அசலில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது! பயந்து எதிர்பார்த்தாலே உடம்பு வலிக்கும் போல.

அசல் ஆபத்தும் உண்டு, அரிதாக. ஸ்டேட்டின்களில் ஒன்றான அட்டர்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். சிலர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்த வேலையைத் தடுக்கும்; ரத்தத்தில் ஸ்டேட்டின் ஏறி, தசையே சிதையலாம். கடுமையான வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.