பூட்டின் வாசலில் உறங்குவது எப்படி?

கல்லூரியில் இயற்பியல் படித்தவரானால் நகரும் நுண்ணோக்கியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாணவர்கள் இருபது பேர், கருவியோ ஒன்று. ஒருவர் அளவெடுக்கும்போது இன்னொருவர் திருகைத் தொட்டுவிட்டால் இருவர் கணக்கும் பாழ். ஆகவே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. சிலர் மேசையருகிலேயே நின்றுகொண்டு, "முடிந்ததா? முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பர். வேறு சிலர் கரும்பலகையில் தம் பெயரை எழுதிவிட்டுப் போய்விடுவர்; முறை வந்ததும் யாராவது அழைத்தால் போதும்.

கணிப்பொறிக்குள்ளும் இதே நிலைமைதான். அங்கே ஒரே சமயத்தில் பல பணிகள் நடைபெறுகின்றன. நினைவகத்தின் ஒரே பகுதியில் இரண்டு பணிகள் ஒன்றாகக் கைவைத்தால் அதிலுள்ள விவரங்கள் குழம்பிவிடும். இதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குப் 'பூட்டு' என்று பெயர். பூட்டை வாங்கிய பணி உள்ளே போகும். மற்றவை வெளியே காத்திருக்கும். பூட்டை யாருக்குக் கொடுப்பது, செயலியை எந்தப் பணிக்குக் கொடுப்பது என்றெல்லாம் தீர்மானிப்பது இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னல்.

நிகழ்நேர இயக்க முறைமை என்று ஒரு வகை உண்டு. காரில் மோதலின்போது விரியும் காற்றுப்பையை எண்ணிப் பாருங்கள். அது அரை நொடி தாமதித்து விரிந்தால் யாருக்குப் பயன்? இங்கே காலம் தவறிய விடை தவறான விடையே. அதனால் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை தரப்படுகிறது. ஓடத் தயாராக இருப்பவற்றுள் எது உயர்ந்ததோ அதற்கே செயலி. உயர்ந்த பணி விழித்தெழுந்தால், தாழ்ந்தது பாதியில் நிறுத்தப்படும்.

செயலி ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த பணி பூட்டை வைத்திருக்கிறது, உயர்ந்த பணி வந்து, "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. கேட்பதற்கும் செயலி வேண்டுமல்லவா! அதை இது பிடித்துக்கொண்டால், தாழ்ந்த பணி தன் வேலையை முடிப்பது எப்படி? இருவரும் அப்படியே நிற்க வேண்டியதுதான். பல செயலிகள் இருக்குமிடத்தில், நொடியின் மிகச் சிறு பகுதியே காத்திருக்க வேண்டுமானால் இப்படி நிற்பதில் தவறில்லை. இதனைச் சுழல் பூட்டு என்பர். மற்ற இடங்களில் வேண்டியது உறங்கு பூட்டு, அஃதாவது கரும்பலகையில் பெயரெழுதும் முறை.

உறங்கு பூட்டுக்குள் இருப்பவை இரண்டே: இப்போது பூட்டை வைத்திருப்பது யார் என்ற குறிப்பு, காத்திருப்போர் வரிசை. ஒரு பணி பூட்டைக் கேட்டால், குறிப்பு காலியா என்று கெர்னல் பார்க்கும். காலியெனில் அப்பணியின் பெயரை எழுதும். பார்ப்பதும் எழுதுவதும் பிளவுபடாத ஒரே செயலாக நடைபெற வேண்டும். நடுவில் இன்னொரு பணி புகுந்தால், பூட்டு தனக்கே கிடைத்தது என்று இரண்டுமே எண்ணிக்கொள்ளும். இதற்கென்றே செயலிகளில் தனி ஆணைகள் உள்ளன.

பூட்டு காலியில்லை என்றால், பணியின் பெயர் வரிசையில் சேரும். 'உறங்குகிறது' என்று குறிக்கப்படும். செயலி வேறொரு பணிக்குப் போகும். பூட்டை விடுபவர், வரிசையில் முன்னுரிமை மிகுந்த பணியைப் பார்த்து எழுப்பிவிட வேண்டும்.

எளிமையாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. மீண்டும் ஆய்வகத்துக்கு வாருங்கள். நுண்ணோக்கி காலியில்லை என்று பார்த்துவிட்டு, பெயரெழுதக் கரும்பலகைக்கு நடக்கிறீர்கள். நீங்கள் சுண்ணக்கட்டியை எடுப்பதற்குள் முன்னவர் முடித்துவிட்டார். பலகையைப் பார்த்தார், பெயர் எதுவும் இல்லை, போய்விட்டார். அதன் பிறகு நீங்கள் பெயரெழுதிவிட்டு ஓரமாகப் படுத்து உறங்குகிறீர்கள். உங்களை யார் எழுப்புவது? கருவி சும்மா கிடக்கும். நீங்களும் சும்மா கிடப்பீர்கள். 'தொலைந்துபோன எழுப்புதல்' எனப்படும் இப்பிழை ஆயிரம் முறையில் ஒருமுறைதான் தலைகாட்டும். ஆகவே கண்டுபிடிப்பது கடினம். இதற்கு மருந்து: காலியா என்று பார்ப்பது, பெயரெழுதுவது, உறக்கக் குறியிடுவது ஆகிய மூன்றையும் ஒரு சிறு காவலுக்குள் செய்வது. பூட்டை விடுபவரும் அதே காவலைப் பெற்ற பின்னரே வரிசையைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியது செவ்வாய்க் கோளில் நின்ற ஒரு கணிப்பொறி.

அமெரிக்காவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் கலம் 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்ற ஆறு சக்கரச் சிறு ஊர்தியை அது சுமந்து சென்றது. கலத்துக்கு வகுக்கப்பட்ட முதன்மைப் பணிக்காலம் 30 நாட்களே. வானிலை அளவுகளை எடுக்கத் தொடங்கிய சில நாட்களில், கணிப்பொறி திடீர் திடீரென்று தன்னைத்தானே முதலிலிருந்து தொடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. திரட்டிய தரவுகள் அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. இருப்பதோ முப்பது நாள்! பூமியிலிருந்து அனுப்பும் ஆணை அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடத்துக்கு மேலாகும் தூரம் அது.

நடந்தது இதுதான். கலத்தின் பகுதிகளுக்கிடையே தரவுகள் செல்லும் பொதுத்தடம் ஒன்று இருந்தது. நொடிக்கு 8 சுற்று வீதம் அது இயங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் வந்த தரவுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பணிக்கு மிக உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தரவுகளைக் கவனிக்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவான தகவல் குழாய் ஒன்றில், உறங்கு பூட்டு ஒன்று உள்ளுக்குள் மறைந்திருந்தது.

வானிலைப் பணி அந்தப் பூட்டை வாங்கிய கணத்தில் பாதியில் நிறுத்தப்பட்டது. பங்கிடும் பணி வந்து அதே பூட்டைக் கேட்டது; கிடைக்கவில்லை; முறைப்படி உறங்கியது. இதுவரை தவறில்லை. வானிலைப் பணி சில கணங்களில் முடித்துப் பூட்டைத் தந்துவிடும். ஆனால் அந்த நேரம் பார்த்து, இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட வேறு பணிகள் விழித்தெழுந்தன. இவற்றுக்கும் பூட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் வானிலைப் பணியைவிட இவை உயர்ந்தவை. ஆகவே செயலி இவற்றுக்கே போயிற்று. வானிலைப் பணி ஓட முடியாததால் பூட்டை விட முடியவில்லை. பூட்டு கிடைக்காததால், இவற்றினும் உயர்ந்த நிலையிலிருந்த பங்கிடும் பணி உறங்கிக்கொண்டேயிருந்தது. அடுத்த சுற்றைத் தொடங்க வந்த மேற்பார்வைப் பணி, முந்தைய சுற்று முடியவில்லை என்று கண்டு, ஏதோ பெருங்கேடு என முடிவு செய்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் செய்தது.

இதற்கு 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' என்று பெயர். இது புதிய நோயன்று. 1980-ஆம் ஆண்டிலேயே லாம்ப்சன், ரெடெல் என்னும் இருவர் மீசா என்ற கணிப்பொறி மொழியைப் பற்றிய கட்டுரையில் இதை எடுத்துக்காட்டியிருந்தனர். லூயி ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் மருந்தும் விளக்கப்பட்டிருந்தது. இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர்.

அந்த மருந்து முன்னுரிமை மரபேற்றம். உயர்ந்த பணி ஒன்று உறங்கப் போகும்போது, தன் அவசரத்தைப் பூட்டை வைத்திருக்கும் பணிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு உறங்க வேண்டும். அப்போது வானிலைப் பணி தற்காலிகமாக உயர்ந்த பணியாகிவிடும்; இடைப்பட்டவை அதைத் தள்ள முடியாது; அது விரைந்து முடித்துப் பூட்டை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

சொல்வது எளிது, கட்டுவதில்தான் கடினம். பூட்டை வைத்திருக்கும் பணியே இன்னொரு பூட்டுக்காக உறங்கிக்கொண்டிருந்தால்? கடன் அந்த இரண்டாம் பூட்டை வைத்திருப்பவருக்கும், அவரிடமிருந்து அடுத்தவருக்கும் சங்கிலியாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு பணியின் கையில் இரண்டு பூட்டுகள் இருந்து, ஒன்றை மட்டும் விட்டால்? அது முழுவதும் கீழே இறங்கிவிடக் கூடாது. மற்றப் பூட்டுக்காகக் காத்திருப்பவருடைய முன்னுரிமை அதற்கு இன்னும் உரியது. வரிசையில் உறங்குபவரின் முன்னுரிமை இடையில் மாறினால் இந்தக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

பாத்ஃபைண்டரில் இருந்த வி.எக்ஸ்.வொர்க்ஸ் இயக்க முறைமையில் இவ்வசதி ஏற்கெனவே இருந்தது. பூட்டை உருவாக்கும்போது வேண்டும், வேண்டாம் என்று தெரிவிக்கலாம். அந்தக் குழாய்ப் பூட்டில் மட்டும் அது 'வேண்டாம்' என்றிருந்தது. கணக்குப் போடுவதால் ஏற்படும் சிறு தாமதத்தைத் தவிர்க்கும் நோக்கம்தான்! பூமியிலிருந்த மாதிரிக் கணிப்பொறியில் அதே பழுதை வரவழைத்துக் காரணத்தைக் கண்ட பொறியாளர்கள், அந்தக் குறியை மாற்றும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். பழுது நின்றது. கலம் செப்டம்பர் இறுதிவரை செய்தி அனுப்பியது. இறங்குவதற்கு முன்பே சோதனையில் இப்பழுது தலைகாட்டியிருந்தது என்பதும், மீண்டும் வரவழைக்க முடியாததால் விடப்பட்டது என்பதும் பின்னர் வெளியாயின. ஒருமுறை மட்டும் வந்து மறையும் தவறான அளவைச் செய்முறை ஏட்டிலிருந்து அடித்துவிடும் என் மாணவர்களிடம் இக்கதையை நான் சொல்வதுண்டு.

லினக்ஸ் கெர்னலை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் முயற்சி பல ஆண்டுகள் நடந்து, 2024-இல் அதன் முதன்மைப் பதிப்பில் சேர்ந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால், கெர்னலின் சுழல் பூட்டுகளில் பெரும்பாலானவை மரபேற்றத்துடன் கூடிய உறங்கு பூட்டுகளாகிவிடுகின்றன. இதற்காக இன்னொரு மாற்றமும் தேவைப்பட்டது. வெளிக்கருவிகளின் அழைப்பைக் கவனிக்கும் குறுக்கீட்டு நிரல்களால் உறங்க முடியாது. வரிசையில் எழுத அவற்றுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஆகவே அவற்றுள் பெரும்பாலானவற்றை முன்னுரிமையுள்ள தனிப் பணிகளாகவே மாற்றினார்கள்.

ஆனாலும் சுழல் பூட்டு முற்றிலும் மறையவில்லை. உறங்கு பூட்டின் வரிசையைக் காக்கும் அந்தச் சிறு காவல் இருக்கிறதே, அது இன்றும் சுழல் பூட்டுத்தான். அதுவும் உறங்கு பூட்டாக இருந்தால் அதன் வரிசையைக் காக்க இன்னொரு காவல் வேண்டியிருக்கும்; அதற்கு இன்னொன்று.