பழைய வேனுக்குப் புதுப் பெயிண்ட்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் பாலாறு இருக்கிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கர்நாடகம். அருகிலேயே மேட்டூர் அணையின் நீர் தேங்கி நிற்கும். பரிசல் போட்டு மீன் பிடிப்பார்கள்.

1956 வரை கொள்ளேகால் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறியது. பாலாற்றில் தமிழ்ப் பேச்சு மாறவில்லை.

இந்தச் சாலையில்தான் எங்கள் சித்தப்பா வேன் ஓட்டுகிறார். சிவராத்திரி, யுகாதி, தீபாவளி வந்தால் மலைக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போவார்கள். சித்தப்பாவின் வேனில் பாத்திர மூட்டையும் போகும், பாயும் போகும். வழியில் சமைப்பார்கள். இரவில் வேனிலேயே உறங்குவார்கள்.

வெளிநாடுகளிலும் இப்படி உண்டு. ஜெர்மனியில் 1950 இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பெட்டி போன்ற ஒரு வேனைச் செய்தது. மக்கள் அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதை 'கேம்பர் வேன்' என்றார்கள். அந்த வகை வேன் பிரேசில் நாட்டில் 2013 வரை தயாரானது. அந்தப் பழைய வேன்களைப் பலர் இன்றும் வீட்டிலேயே பெயிண்ட் அடித்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

நாமும் அப்படிச் செய்ய முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம். முதலில் ஒரு தவறைச் சொல்கிறேன். அது எங்கள் வீட்டில் நடந்த தவறு.

பளபளப்புக்கு அடியில்

வேன் பழையது. அங்கங்கே துரு. எஃப்.சி. காட்டும் நாள் நெருங்கியது. வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பட்டறையில் கேட்ட தொகை சித்தப்பாவிடம் இல்லை. ஒரு டப்பா பெயிண்ட் வாங்கினார். துருவின் மேலேயே அடித்தார். வண்டி பளபளத்தது.

இரண்டு மாதம் கழிந்தது. மலைக்குப் போன ஒரு பாட்டி வேனில் ஏறினார். படிக்கட்டுத் தகடு உடைந்தது. கால் உள்ளே போய்விட்டது. கணுக்காலில் ஆழமான வெட்டு. ஏழு தையல் போட்டார்கள்.

சித்தப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. "கண்ணு, நான் பெயிண்ட் அடிக்கலை. ஓட்டையை மூடி மறைச்சுட்டேன்" என்றார்.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பெயிண்ட் அடிப்பது அழகுக்கு மட்டும் அல்ல. இரும்பைக் காப்பதற்கு. துருவை எடுக்காமல் அடித்தால் அது காக்காது. மறைக்கத்தான் செய்யும்.

துரு என்றால் என்ன?

இரும்பும், தண்ணீரும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனால் உள்ளிருந்து உப்பும். மேலே உள்ள பெயிண்டைத் தூக்கிவிடும். அந்த இடுக்கில் மேலும் தண்ணீர் இறங்கும். மேலும் துரு பிடிக்கும்.

பரிசலைப் பாருங்கள். மூங்கில் கூடைக்கு வெளியே தார் பூசுகிறோம். ஏன்? தண்ணீர் உள்ளே வரக் கூடாது. வேனுக்குப் பெயிண்டும் அப்படித்தான். தகட்டைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைக்கும் தோல் அது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? கதவின் அடி விளிம்பு, படிக்கட்டு, சக்கரத்தின் மேல் உள்ள மட்கார்டு, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கூரையில் மழைநீர் ஓடும் வாய்க்கால். இந்த ஐந்து இடங்களையும் குனிந்து, தொட்டுப் பாருங்கள். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். துருப் பிடித்த தகடு மந்தமாக ஒலிக்கும். சில நேரம் பொத்துக்கொள்ளும்.

பொத்துக்கொண்டால் அங்கே பட்டி வைத்து மூடாதீர்கள். வெல்டிங் வைத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும். சேஸிஸில் துரு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இந்தச் செலவை மட்டும் குறைக்கக் கூடாது.

ரோலரா, ஸ்பிரேயா?

பட்டறையில் ஸ்பிரே அடிக்கிறார்கள். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். பெயிண்டில் ஒரு பங்கு புகையாகக் காற்றில் போய்விடும். அது அடிப்பவரின் நெஞ்சுக்குள்ளும் போகும். ரோலரில் பெயிண்ட் தகட்டில்தான் ஒட்டும். வீண் குறைவு. செலவும் குறைவு.

கண்ணாடி போன்ற வழுவழுப்பு ரோலரில் வராது. ஆனால் பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் குறை தெரியாது. ஒரு காலத்தில் பல மோட்டார் வண்டிகளுக்குத் தூரிகையால்தான் அடித்தார்கள். ஒரு வண்டி முடியப் பல வாரம் ஆகும். 1920களில்தான் சீக்கிரம் காயும் பெயிண்டும் ஸ்பிரேயும் பரவின. ஆகவே கையால் அடிப்பது மட்டமான வேலை அல்ல. பழைய தொழில்.

டப்பாவைப் படியுங்கள்

சித்தப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். பெயிண்ட் வாங்கும்போது "தின்னர் குடுங்க" என்று மட்டும் கேட்டாராம். கடையில் என்.சி. தின்னர் கொடுத்தார்கள். அதை எனாமல் பெயிண்டில் ஊற்றினார். முதல் பூச்சு நன்றாக இருந்தது. மறுநாள் இரண்டாம் பூச்சு அடித்தார். அடியில் இருந்தது பால் ஏடு போலச் சுருங்கிவிட்டது. அந்தப் பக்கம் முழுவதையும் சுரண்டி எறிந்தார்.

இந்த முறை இருவரும் சேர்ந்து டப்பாவைப் படித்தோம்.

"சிந்தடிக் எனாமல்னு போட்டிருக்கு, சித்தப்பா. இதுக்கு டர்பன்டைன்தான் ஊத்தணும்."

"என்.சி.ன்னா?"

"அது வேற பெயிண்ட். ரொம்பச் சீக்கிரம் காயும். ஸ்பிரேக்குத்தான் ஆகும். அதோட தின்னர் இதுக்கு ஆகாது."

இன்னொரு வகை உண்டு. 'பி.யு.' அல்லது '2கே' என்பார்கள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது. அதன் கடினப்படுத்தும் மருந்து நுரையீரலுக்கு ஆபத்தானது. வீட்டில் அது வேண்டாம். வீட்டு வேலைக்குச் சிந்தடிக் எனாமல் போதும்.

வேலையைத் தொடங்குவோம்

ஒன்று: கழுவுதல். சோப்புத் தண்ணீரில் வேனை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பின் டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். தேர்தலில் நம் விரலில் மை வைக்கிறார்கள் அல்லவா? விரலில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் வைப்பார்கள். தகடும் அப்படித்தான். எண்ணெய் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

அந்த மை எங்கிருந்து வருகிறது தெரியுமா? மைசூரிலிருந்து. 1937 இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அங்கே ஓர் அரக்கு, பெயிண்ட் தொழிற்சாலை தொடங்கினார்கள். மரத்தில் வாழும் ஒரு சிறு பூச்சி தரும் பிசின்தான் அரக்கு. அது இப்போது கர்நாடக அரசின் 'மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ்' நிறுவனம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து தேர்தல் மையை அங்கேதான் செய்கிறார்கள்.

இரண்டு: தேய்த்தல். இதுதான் பெரிய வேலை. துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாளின் முதுகில் எண் இருக்கும். 80 என்றால் சொரசொரப்பு. 220 என்றால் நடுத்தரம். 400 என்றால் மென்மை. எண் கூடினால் மென்மை கூடும். துருவுக்கு 80. பிறகு 220. பழைய பெயிண்ட் நன்றாக இருந்தால் அதை எடுக்க வேண்டாம். 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசு குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016 இல் மத்திய அரசு விதி செய்தது. வண்டிப் பெயிண்ட் அந்த விதியில் வராது. ஆகவே தேய்க்கும்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள். என்95 முகக்கவசம் அணியுங்கள். தூசைக் கூட்டாமல் ஈரத் துணியால் எடுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

மூன்று: பிரைமர். வெள்ளை இரும்பை இரவு முழுவதும் விடாதீர்கள். பனியிலேயே துரு பிடித்துவிடும். அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். இதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம். துருவின் உறவுதான் அது. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டதால் அது இனித் துருப்பிடிக்காது. பிரைமர் காய்ந்த பின் பள்ளங்களில் மெல்லிய பட்டி வையுங்கள். காய்ந்ததும் தேய்த்து, அதன் மேல் மீண்டும் பிரைமர்.

நான்கு: மூடுதல். கண்ணாடி, விளக்கு, ரப்பர், நம்பர் பலகை, ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் கொண்டு மூடுங்கள்.

ஐந்து: ரோலர். சுவருக்கு அடிக்கும் பெரிய கம்பளி ரோலர் வேண்டாம். அது ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக விடும். 4 அங்குல ஃபோம் ரோலர் வாங்குங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு டர்பன்டைன் கலந்து வடிகட்டுங்கள். இரண்டடிக்கு இரண்டடியாக அடியுங்கள். மெதுவாக உருட்டுங்கள். வேகமாக உருட்டினால் குமிழி வரும். முதலில் குறுக்காக, பிறகு மேலிருந்து கீழாக. அடித்த விளிம்பு காயும் முன் அடுத்த பகுதியைச் சேர்த்துவிடுங்கள். கூரையில் தொடங்கி கீழே வாருங்கள்.

முக்கியமான செய்தி இதுதான். ஒரு தடித்த பூச்சை விட மூன்று மெல்லிய பூச்சு மேல். தடித்தால் வழியும். மேலே காய்ந்து உள்ளே காயாது. சுருங்கும். ஒரு பூச்சு ஓர் இரவு காயட்டும். மறுநாள் 400 எண் தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சு முழுவதும் காயும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். வேனை ஒரு வாரமாவது சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள்.

நேரம் எது? மழை இல்லாத நாள். பனி உலர்ந்த பின் காலையில் தொடங்குங்கள். சுடு வெயிலில் வேண்டாம். மரத்தடியும் வேண்டாம். இலையும் பூச்சியும் விழும். திறந்த கொட்டகை நல்லது. தொடங்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும்.

கணக்குப் போடுவோம்

வேனின் நீளம் 15 அடி. பக்கங்களின் உயரம் 5 அடி. இரண்டு பக்கமும் சேர்ந்து 150 சதுர அடி. கூரை 5 அடி அகலம். அது 75 சதுர அடி. முன்னும் பின்னும் சேர்ந்து 50 சதுர அடி. மொத்தம் 275. கண்ணாடிக்கு 50 கழித்தால் 225 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஒரு பூச்சுக்கு இரண்டேகால் லிட்டர். மூன்று பூச்சுக்கு ஏறக்குறைய 7 லிட்டர். இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் கூடவும் வாங்க மாட்டோம், குறையவும் வாங்க மாட்டோம்.

மறக்கக் கூடாதவை

அருகில் பீடி, அடுப்பு கூடாது. டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். நனைந்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். தானே சூடாகி எரியக்கூடும். விரித்துக் காய விடுங்கள். கையில் பட்ட பெயிண்டைத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மீந்த பெயிண்டை ஆற்றில் ஊற்றாதீர்கள். ரோலரை ஆற்றில் கழுவாதீர்கள். பாலாறு காவிரியில் சேர்கிறது. அந்த நீரில் மீன் வாழ்கிறது. அந்த நீரைத்தான் பல ஊர்கள் குடிக்கின்றன.

நிறத்தை மாற்றப் போகிறீர்களா? ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் எழுதியிருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். 1989 மோட்டார் வாகன விதிப்படி இராணுவப் பச்சையை நாம் அடிக்கக் கூடாது. அது இராணுவ வண்டிக்கு மட்டும்.

பாட்டி மீண்டும் ஏறினார்

நாங்கள் எட்டு நாள் வேலை செய்தோம். அதில் ஐந்து நாள் தேய்ப்பதிலேயே போனது. மூன்று நாள்தான் பெயிண்ட் அடித்தோம். படிக்கட்டுக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். எஃப்.சி. கிடைத்தது.

சிவராத்திரிக்கு அதே பாட்டி வந்தார். படியைப் பார்த்துத் தயங்கினார். சித்தப்பா தானே அதன் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

"அடியில குனிஞ்சு பாருங்க ஆயா. புதுத் தகடுங்க. இந்தத் தடவை எதையும் மறைக்கலைங்க" என்றார்.

பாட்டி குனிந்து பார்த்தார். பிறகு ஏறினார்.

சிந்தித்துப் பாருங்கள்

1. துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்?
2. உப்புத்தாளில் 80, 400 என்ற எண்கள் எதைக் காட்டுகின்றன?
3. உங்கள் வீட்டு இரும்புக் கதவின் நீள அகலத்தை அளந்து பாருங்கள். இரு பக்கமும் மூன்று பூச்சு அடிக்க எவ்வளவு பெயிண்ட் வேண்டும்?
4. வீட்டில் உள்ள ஒரு டப்பாவை எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் பக்கத்தில் உள்ளவருக்குப் படித்துக் காட்டுங்கள்.