தலைக்கு வந்தது வாலோடு போயிற்று!

கதவிடுக்கில் பல்லி அகப்பட்டுக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறு நொடியே பல்லி சுவரேறி ஓடிவிடும். வால் மட்டும் தரையில் கிடந்து துடிக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். பல்லிக்கு அது வாலோடு போய்விடுகிறது.

எப்போதும் அப்படித்தானா? இல்லை. வாலில் ஏற்பட்ட காயம் சீழ் பிடித்துப் பல்லியின் உயிரையே வாங்கிவிடுவதும் உண்டு. பல்லிகளைச் செல்லப் பிராணியாக வளர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழ்வது சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடல், கரும்புள்ளிகள், தடித்த வால். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். இதன் வால் அறுந்தால் என்ன செய்ய வேண்டும்? அதைவிட முக்கியம், என்ன செய்யக் கூடாது?

முறிவதற்கென்றே ஓர் இடம்

தபால் தலைகளுக்கிடையே துளை வரிசை இருக்கிறதல்லவா? கிழித்தால் அந்த வரியில்தான் கிழியும். அதுபோலவே சிறுத்தைப் பல்லியின் வால் முள்ளெலும்புகள் பலவற்றின் நடுவே குறுக்காக ஒரு பிளவுக்கோடு உண்டு. ஆபத்து வரும்போது வால் தசைகள் இறுகி, எலும்பு அந்தக் கோட்டில் முறிகிறது. தசையும் தோலும் அதே இடத்தில் பிரிகின்றன. இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கிக்கொள்வதால் சில துளி இரத்தமே வெளிவரும்.

பிறகு புண்ணைத் தோல் மூடுகிறது. அதனடியில் புதிய செல்கள் குவிந்து மொட்டுப் போல் புடைக்கின்றன. இந்த மொட்டே வளர்ந்து ஓரிரு மாதங்களில் புது வாலாகிறது. ஆனால் அதனுள் முள்ளெலும்புகள் இரா. குருத்தெலும்புக் குழாய் ஒன்றே இருக்கும்.

இப்போது ஒன்று புரிந்திருக்கும். இப்படிச் சுத்தமாக முறிந்த புண்ணைத் தைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. தைத்து மூடினால் மொட்டு வளர இடமில்லாமல் போகும்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியவை எளியவை. பல்லியைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். மணலை அகற்றிவிட்டு வெள்ளைக் காகிதத்தை விரிக்க வேண்டும். மணல் புண்ணில் ஒட்டும், காகிதத்திலோ இரத்தக் கசிவு உடனே தெரியும். போவிடோன் அயோடின் மருந்தைப் பாலில்லாத இளம் டீயின் நிறம் வரும்வரை நீர்விட்டுக் கலந்து, புண்ணை மெல்லக் கழுவலாம். தின்னாத வெட்டுக்கிளிகளைத் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது. அவை புண்ணைக் கடிக்கும். ஆனால் உணவைக் குறைக்கவும் கூடாது. சிறுத்தைப் பல்லியின் வால் அதன் கொழுப்புக் களஞ்சியம். வால் போனால் சேமிப்பும் போயிற்று!

சட்டையே சுருக்குக் கயிறானால்...

முறியாத வாலுக்கும் ஆபத்து உண்டு. பல்லி அவ்வப்போது சட்டை உரிக்கும். தொட்டியில் ஈரம் போதாவிட்டால், பழைய தோல் வால் நுனியில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். நுனி கறுத்து, உலர்ந்து, கடினமாகும். அழுகல் மெல்ல மேலேறும்.

வளையம் தெரிந்தவுடன், வெதுவெதுப்பான நீரில் வாலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரப் பஞ்சால் உருட்டி எடுக்க வேண்டும். காய்ந்த தோலைப் பிடித்து இழுத்தால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும். வால் கறுத்துவிட்டாலோ வீட்டு வைத்தியம் பயன்படாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, இறந்த பகுதியை நீக்க வேண்டியிருக்கும்.

வீக்கம் கண்டாலும் அவரிடமே செல்ல வேண்டும். நம் புண்ணில் சீழ் நீர்மமாக இருக்கிறது, வடிந்துவிடும். பல்லிகளின் சீழோ பாலாடைக் கட்டி போல் கெட்டியானது, தானாக வடியாது. மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

வெப்பமே பாதி மருந்து

பல்லி தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் பிராணி. நோய் வந்தால் நமக்குக் காய்ச்சல் வருகிறது. பல்லிக்கு? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாத்யூ குளூகரும் குழுவினரும் பாலைவன இகுவானா என்னும் பல்லியினத்தைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். பாக்டீரியாவைச் செலுத்தியதும் அவை வழக்கத்தைவிட வெப்பமான இடத்தை நாடிச் சென்றன! 1975-ல் வெளியான அடுத்த ஆய்வில், நோயுற்ற இகுவானாக்களைப் பல வெப்பநிலைகளில் வைத்தனர். 34 டிகிரி செல்சியஸில் இருந்தவை பெரும்பாலும் மடிந்தன. 40, 42 டிகிரிகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன.

இதைப் படித்துவிட்டு எந்தப் பல்லியையும் 42 டிகிரியில் வைத்துவிடாதீர்கள்! அது பாலைவன இகுவானாவின் கணக்கு. சிறுத்தைப் பல்லிக்குத் தொட்டியின் ஒரு முனை சுமார் 32 டிகிரியும் மறு முனை சுமார் 25 டிகிரியும் இருந்தால் போதும். தனக்கு வேண்டிய வெப்பத்தை அதுவே நாடிக்கொள்ளும். குளிர்ந்த தொட்டியில் மருந்தும் சரியாக வேலை செய்யாது, புண்ணும் ஆறாது.

எல்லா வாலும் முளைப்பதில்லை

நம் வேலியோர ஓணானுக்கு அறுந்த வால் மீண்டும் வளராது. பச்சோந்திக்கும் உடும்புக்கும் அப்படியே. இவற்றின் வால் காயம் தபால் தலை கிழிவது போன்றதன்று. துணி கிழிவது போன்றது. மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

பல்லியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; அதன் குடலில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். வளர்க்கும் ஆசையில் உடும்பு போன்ற காட்டு உயிர்களைப் பிடிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இன்னும் ஒன்று. வால் துடிப்பதைப் பார்ப்பதற்காகவே சுவர்ப் பல்லியை அடிப்பவர் உண்டு. துடிப்பது சில நிமிடங்களே. அந்த வாலைத் திரும்ப வளர்க்கப் பல்லி வாரக்கணக்கில் தன் உணவைச் செலவிட வேண்டும். அதற்குள் பூனை வந்தால், விட்டுக்கொடுக்க அதனிடம் வால் இராது.