கரண்டி யார் கையில்?

லண்டனில் இருந்த செயின்ட் மேரிலிபோன் ஒர்க்ஹவுஸின் சாப்பாட்டுக் கூடத்தை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. குறுகலான நீள மேசைகள், ஒரே மாதிரி உடுப்பில் நூற்றுக்கணக்கான ஆண்கள், பாதிக்கு மேல் கிழவர்கள். அத்தனை பேரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடுகிறவரின் கண்ணுக்குத் தெரிவது முன்வரிசைக்காரரின் முதுகு மட்டும்தான்.

ஒர்க்ஹவுஸ் என்பது போக்கிடம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, தெம்பு உள்ளவர்களிடம் வேலை வாங்கிச் சோறு போட்ட விடுதி. 1834-ல் வந்த புதிய ஏழைச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து முழுக்க இவை எழுந்தன. நூற்றாண்டின் கடைசியில் அங்கே மிஞ்சியவர்களில் பெரும்பகுதி முதியவர்களும் நோயாளிகளும்தான். சாப்பாட்டு வேளையில் அமைதியும் ஒழுங்கும் காக்க வேண்டும் என்று விதியே இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய தம்பதியும் வாசலோடு பிரிந்துவிட வேண்டியதுதான். அறுபது தாண்டிய தம்பதியைக் கட்டாயப்படுத்திப் பிரிக்கக் கூடாது என்று 1847-ல் சட்டம் வந்தது. நடைமுறை அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

ஆனால் அந்த விடுதிகளை வெறும் பட்டினிக் கொட்டடி என்று சொல்லிவிட முடியாது. சாப்பாட்டு விஷயத்தில் அங்கே ஒரு கறாரான நியாயம் இருந்தது. என்றைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு சீஸ், எவ்வளவு கஞ்சி என்ற பட்டியலைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும். தன் பங்கில் குறைகிறது என்று சந்தேகப்பட்டவர், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். அறுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு சலுகையும் உண்டு: நிர்வாகம் சரியென்று கருதினால், காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரத்துக்கு 1 அவுன்ஸ் தேயிலை, 5 அவுன்ஸ் வெண்ணெய், 7 அவுன்ஸ் சர்க்கரை. முதுமைக்குக் காட்டிய கருணையும் தராசில் ஏறித்தான் வந்தது. இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் நிலைக்கவுமில்லை. உரத்துக்காக எலும்பு இடித்த ஆண்டோவர் விடுதிவாசிகள் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைத் தின்ற சேதி 1845-ல் நாட்டையே உலுக்கியது. அதுவரை ஏழைச் சட்டத்தை நடத்திய ஆணையமே இரண்டு வருஷத்தில் கலைக்கப்பட்டது.

ஒர்க்ஹவுஸை ஒழித்துக்கட்டுவதாக 1948-ல் தேசிய உதவிச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அன்யூரின் பெவனின் மனத்தில் இருந்தவை இருபத்தைந்து, முப்பது பேர் தங்கும் சின்ன இல்லங்கள். பெரியவர் தன் 26 ஷில்லிங் பென்ஷனில் 21-ஐ வாடகையாகத் தருவார், 5 அவர் கையில் நிற்கும். நிர்வாகிக்கும் அவருக்கும் உள்ள உறவு ஓட்டல்காரருக்கும் விருந்தாளிக்கும் உள்ளதாக இருக்கும். நல்ல கனவுதான், கட்டடம்தான் இல்லை. சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1950-களின் கடைசியில் 173 இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, 1962-ல் ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற நூலை வெளியிட்டார். பெயர்ப்பலகை மட்டும் மாறிய பழைய ஒர்க்ஹவுஸ்களில் இன்னமும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இருப்பதை அது ஊரறியச் செய்தது. மேரிலிபோன் விடுதியும் ‘லக்ஸ்பரோ லாட்ஜ்’ என்ற பெயரில் முதியோர் இல்லமாக 1965 வரை ஓடியது. பிறகு இடிக்கப்பட்டது, அந்த இடத்தில் இப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம்.

அடுத்து வந்தது டிரே. மருத்துவமனை வழக்கத்தைப் பார்த்து ஐரோப்பாவின் பராமரிப்பு இல்லங்கள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. மையச் சமையலறையில் தட்டில் போட்டு, மூடி, வண்டியில் அடுக்கி, அறை அறையாகக் கொண்டுபோய் வைத்துவிடலாம். சுத்தம், வேகம், கணக்குக்குச் சௌகரியம். பழைய நீளக் கூடத்தில் பேச்சு இல்லாவிட்டாலும் பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். டிரே அவர்களையும் எடுத்துவிட்டது.

முதுமையில் பசி தானாகவே மங்கும். மோப்பம் குறையும், மாத்திரைகளால் வாய் உலரும், தாகம் எடுப்பதே தெரியாது. சாப்பிடும் வேகமும் குறைவு. பாதித் தட்டு முடிவதற்குள் மீதி ஆறிவிடும். மூடியைத் திறக்க விரலில் வலு போதாதவர் திறக்காமலே விட்டுவிடுவார். டிரேயை எடுக்க வருபவர் “பசியில்லை போல” என்று குறித்துக்கொண்டு போவார். எடை இறங்கும்போது வயசு அப்படி என்று விட்டுவிடுவார்கள். யாரும் பட்டினி போடாமலே ஒருவர் மெலிந்துபோவதற்கு இவ்வளவு போதும்.

வயதுதானா, டிரேதானா என்று நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து பராமரிப்பு இல்லங்கள், 178 பேர், சராசரி வயது 77, ஆறு மாதம். ஒரு பாதிக்கு வழக்கம்போலப் போட்டுவந்த தட்டு. மறுபாதிக்கு மேசை விரிப்பு, பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர், கை துடைக்கத் துணி. உணவு பாத்திரத்தோடு மேசைக்கு வந்தது. எதை, எவ்வளவு என்று அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் கூடவே உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் மாத்திரை வண்டி உள்ளே வராது, டாக்டர் வரமாட்டார், தரை துடைக்கமாட்டார்கள்.

2006-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, மேசையில் கூடிச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே எடையில் 1.5 கிலோ வித்தியாசம். வாழ்க்கைத் தரத்தை அளந்த மதிப்பெண்ணும் கைவிரல் நுண்வேலைத் திறனும் மேசைக்காரர்களுக்கே சாதகமாக இருந்தன. ஊட்டக்குறைவில் இருந்தவர்கள் மேசைக் குழுவில் 17 சதவீதத்திலிருந்து 4-ஆக இறங்கினார்கள். தட்டுக் குழுவில் 11-லிருந்து 23-ஆக ஏறினார்கள். எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் கலக்கம் தருகிறது. அவர்களுக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வழக்கம் தொடர்ந்தது, அவ்வளவே.

கூடிச் சாப்பிட்டால் உணவு அதிகம் இறங்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். ஜான் டி காஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர், சாப்பிட்டதையெல்லாம் ஆட்களையே எழுதிவரச் சொல்லி 1989-ல் கணக்குப் பார்த்தார். தனியாகச் சாப்பிட்டதைவிட, பிறரோடு சாப்பிட்ட வேளைகளில் 44 சதவீதம் அதிகம் உள்ளே போயிருந்தது. பேச்சில் நேரம் நீள்கிறது, நீளும் நேரத்தில் இன்னும் இரண்டு வாய். ஆனால் நெதர்லாந்து மேசையில் நடந்ததற்கு அது மட்டும் காரணமாக இருக்காது. நம் கல்யாணப் பந்தியில் இலைமேல் கையை நீட்டி “போதும், போதும்” என்று தடுத்துவிட்டு, அப்புறம் ஒரு கரண்டி பாயசம் வாங்கிக்கொள்கிறோமே, அந்தச் சுகம் டிரேயில் கிடையாது. போட்டே வந்த தட்டிடம் எதை மறுப்பது? பாத்திரம் நடுவில் இருந்தால் எடுக்கலாம், தள்ளலாம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கரண்டி வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்கப் பரிமாறிய ஒரு பாட்டிக்கு அந்தக் கடைசிக் காரியம், தான் சாப்பிடுவதைவிடப் பெரிது.

நெதர்லாந்து 2009-ல் இன்னும் ஒரு படி போனது. ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்ற ஊரில், மறதி நோய் முற்றியவர்களுக்காக ஹோகவைக் என்ற குடியிருப்பைத் திறந்தார்கள். வீட்டுக்கு ஆறேழு பேர். சாமான் உள்ளேயே இருக்கும் கடையில் வாங்கி, அந்தந்த வீட்டு அடுப்பிலேயே சமையல். வெங்காயம் வதங்கும் வாசனையே ‘சாப்பாட்டு நேரமாச்சு’ என்று சொல்லிவிடுகிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாமல் போனவருக்கு வேறெப்படிச் சொல்வது?

பிரிட்டனில் தராசு போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ரொட்டியை நிறுத்தது போய், 2003-ல் வந்த ‘மஸ்ட்’ என்ற ஊட்டக்குறைவுக் கணிப்பு முறைப்படி இப்போது ஆளையே நிறுக்கிறார்கள். உயரம், எடை, சமீபத்தில் எவ்வளவு இறங்கியது என்று புள்ளி போடுகிறார்கள். மெலிவை ‘வயசு’ என்று தள்ளிவிடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் மேசையில் யார் யாரோடு பேசினார்கள் என்று குறிக்க அதில் கட்டம் கிடையாது. 2020-ல் கொரோனா வந்து இல்லங்களின் சாப்பாட்டுக் கூடங்கள் மூடி, டிரே மறுபடி அறைக்குள் போனபோது, உணவில் குறை வைக்காமலே எதையெல்லாம் பறிக்கலாம் என்று குடும்பங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தன.

கூடிச் சாப்பிடுவதையே இன்னொரு கட்டாயமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர், வாயில் ஒழுகுவதை நாலு பேர் பார்ப்பதற்குக் கூசுவார். காது மந்தமானவருக்கு முப்பது பேர் கூடம் வெறும் இரைச்சல். தனியே சாப்பிட்டே பழகியவரும் இருக்கிறார். மேசைக்கு வராமல் இருக்கும் உரிமையும் அவர்களுடையதே.

செலவுதான் உண்மையான முட்டுக்கட்டை. ஒரு ஊழியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால், அது வேலையா ஓய்வா என்று கணக்கர் கேட்பார். முதியவர்களுக்கான உணவை ஊழியர் தொடவே கூடாது என்று விதி வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இல்லம் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் கட்டணத்தையும் விசாரித்தபின், மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம். ஊழியர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.