தாதியரும் கலாநிதிப் பட்டமும்

தாதி ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கின்றார் என்றவுடன், "அப்படியாயின் அவர் டொக்டராகி விடுவாரா?" என்று கேட்பவர் நம்மிற் பலர். உயர்தர வகுப்பு மாணவரின் பெற்றோர் இவ்வினாவை நம்மிடமும் விடுத்ததுண்டு. வைத்தியருக்குரிய பட்டம் வேறு. தாதியியலிலே ஆராய்ச்சி செய்து பெறும் கலாநிதிப் பட்டம் வேறு. முன்னதைப் பெற்றவர் நோய்க்கு மருந்து எழுதுவர் என்பதை யாவரும் அறிவர். பின்னதைப் பெறுபவர் எதனை ஆராய்கின்றார் என்பதே பலருக்கும் விளங்காதது. ஓர் எடுத்துக்காட்டினால் அதனை விளக்க முயல்வோம்.

நெடுநாட் படுக்கையிற் கிடக்கும் முதியவருக்குப் படுக்கைப் புண் உண்டாவதை நம் வீடுகளிற் பலரும் கண்டிருப்பர். தோலில் எதனைப் பூசினால் இப்புண் வாராது என்பதிலேயே முற்காலத் தாதியரின் கவனம் பெரிதும் சென்றது. டொறீன் நோர்ட்டன் என்னும் ஆங்கிலத் தாதி இதனை அளந்தே பார்ப்பதென்று துணிந்தார். அவரும் அவருடன் ஆராய்ந்த இருவரும் 1962 இல் வெளியிட்ட நூலிலே, பூச்சுக்களிலும் பார்க்க நோயாளியை வேளை தவறாது புரட்டிக் கிடத்துவதே பயன் தருமெனக் காட்டினர். எவருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்னரே அறிதற்கு ஓர் அளவுகோலும் வகுத்தனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலத்தை அடக்கும் ஆற்றல் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளியிடல் வேண்டும். கூட்டுத்தொகை 14 அல்லது அதனிற் குறைவாயின் ஆபத்துண்டு. இதற்குப் பென்சிலும் கடதாசியுமே போதும். இத்தகைய வினா ஒரு தாதிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நோயாளியைப் புரட்டுபவர் அவரன்றோ?

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய சீமாட்டியாகவே பாடநூல்கள் நமக்குக் காட்டுகின்றன. அவர் கணக்கிலும் வல்லவர். கிரிமியப் போரிலே காயத்தினால் இறந்த போர்வீரரிலும் நோயினால் இறந்தவரே மிகுதி என்பதை வட்டப் படங்களால் விளக்கி, இலண்டன் புள்ளிவிபரக் கழகத்திற் சேர்க்கப்பட்ட முதற் பெண்மணி அவரே. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் தாதியர் பாடசாலையை நிறுவினார். ஆயினும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வழி திறக்க அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. நியூயோர்க்கிலே, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1924 இல் தாதியர் கல்வியியற் கலாநிதிப் பட்டம் பெற வகைசெய்தது. 1934 இல் நியூயோர்க் பல்கலைக்கழகம் தத்துவக் கலாநிதிப் படிப்பைத் தொடக்கியது. பிரித்தானியாவில் எடின்பரோப் பல்கலைக்கழகம் தாதியியலுக்குத் தனிப்பிரிவு அமைத்தது 1956 இலேயாம்.

வழி திறந்தபின்னும் மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. ஹில்டெகார்ட் பெப்லோ என்னும் அமெரிக்கத் தாதி, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றிய தம் நூலை 1948 இல் எழுதி முடித்தார். அது வெளிவந்தது 1952 இல். வைத்தியர் ஒருவரின் பெயர் சேராது தாதி தனியே நூலெழுதுவது அக்காலத்திற் பொருந்தாததாகக் கருதப்பட்டமையே தாமதத்துக்குக் காரணம். மறு ஆண்டு அவர் கொலம்பியாவிற் கலாநிதியானார். இன்றும் தாதியியல் மாணவர் அந்நூலைப் பயில்கின்றனர்.

இத்தகைய ஆராய்ச்சி ஆட்சியாளரையும் சிந்திக்கச் செய்யும். தாதியாய்ப் பணியாற்றிப் பின் சமூகவியலிற் கலாநிதியான லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளிலே 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014 இல் முடிவை வெளியிட்டனர். தாதி ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி மிகுந்தால், சத்திரசிகிச்சை பெற்றவர் முப்பது நாட்களுள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் மிகுந்திருக்கக் கண்டனர். தாதியர் போதாதென்று வாயாற் குறைகூறுவதற்கும் இப்படி எண்ணிக் காட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

இனி, கடல் கடந்து படிக்க விரும்புவோர் அறியவேண்டியன சில. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 தொட்டுத் தாதியியலில் விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அப்படிப்பு உண்டு. அதன்பின் முதுமாணி, அதன்பின் கலாநிதி என்பதே பெரும்பாலோர் செல்லும் வழி. அமெரிக்காவிலே முதலிற் பாடங்களும் பரீட்சையும், பின்னரே ஆய்வு. பிரித்தானியாவில் மூன்றாண்டு முழுநேர ஆராய்ச்சியும், ஈற்றில் வாய்மொழிப் பரீட்சையும். சுவீடனிற் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். பட்ட ஆய்வை ஆணியால் அறைந்து பலர் காண வைப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அமெரிக்காவில் தொழிற்றிறனை நோக்கிய தாதியியற் கலாநிதிப் பட்டம் ஒன்றும் உண்டு. அது ஆராய்ச்சிப் பட்டமன்று. விண்ணப்பிக்குமுன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நலம். கலாநிதிப் பட்டம் பெற்றதனால் மட்டும் அந்நாட்டு வைத்தியசாலையிற் பணியாற்றும் உரிமை கிடைத்துவிடாது. அதற்குத் தனியே பதிவு செய்தல் வேண்டும். பிள்ளையின் பயணத்துக்காகக் காணியை ஈடுவைக்க எண்ணும் பெற்றோர் இதனை முதலிலேயே விசாரிப்பாராக.

இவற்றிலும் கடினமானது ஆராய்ச்சிக்குரிய வினாவைத் தேர்தல். அங்கு சென்றபின் பேராசிரியர் தருவார் என்று வெறுங்கையோடு செல்வோர் அவருடைய வினாவுக்கே விடை தேடித் திரும்புவர். நம் வாட்டுகளிற் கிடக்கும் வினாக்கள் தீண்டப்படாமலே கிடக்கும். நோவை அளப்பதையே பாருங்கள். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் றொனால்ட் மெல்சாக் 1975 இல் வெளியிட்ட வினாக்கொத்தில் நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் உள. நம் ஆச்சிமாரோ குத்து, கடுப்பு, எரிவு, உளைவு, விறைப்பு என்று நோவை வேறுவிதமாய் வகுத்துச் சொல்வர். வினாக்கொத்தைத் தமிழாக்கி, மூலத்தை அறியாத வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு, பின்னர் நோயாளரிடம் கேட்டுச் சரிபார்த்தல் முறையாகும். இதற்கே மாதங்கள் பல செல்லும். அகராதியும் எல்லா இடத்தும் துணைவராது. கால் உளைகின்றது என்று ஆச்சி சொல்வது எந்நோவை என்பதை, எடின்பரோவிலுள்ள மேற்பார்வையாளருக்கு நம் மாணவியே விளக்குதல் வேண்டும்.