எல்லைக் கணக்கு

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பதினோராம் வகுப்பை எட்டும்போது வீட்டில் ஒரு மௌனம் புகுந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரையில் தந்தையோ தாயோ கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் கழித்தல் சரியில்லையே" என்று சொல்ல முடிந்தது. பதினோராம் வகுப்பில் 'லிமிட்ஸ்' என்றொரு பாடம் வந்ததும் நோட்டு மூடப்படுகிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்ட பாடத்தைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லத் தெரிவதில்லை. பெற்றோரும் தமக்கு எட்டாத படிப்பென்று ஒதுங்கிக்கொள்கின்றனர். சில மாதங்கள் சென்றதும், "எனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு எழுகிறது. கணக்கில்லாத பிரிவுக்கு மாறலாமா என்ற யோசனையும் அதன் பின்னாலேயே வந்து நிற்கிறது. இவ்வாறு கணக்கைக் கைவிட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அறிவுக் குறைவு அவர்களிடம் இல்லை. முதல் இரண்டு வாரங்களில் எழுந்த ஓர் ஐயம் தீர்க்கப்படவில்லை, அவ்வளவே.

நாமும் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் புகுந்தவரே. நுண்கணிதம் நமக்குப் பள்ளியில் வாய்க்கவில்லை. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லித்தரும் பொருட்டு அவர்களுடைய பாடநூலையே முன்வைத்துக்கொண்டு பயின்றோம். எனவே பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் அறிந்த எவரும் இப்பாடத்தின் வாயிலைத் தாண்டலாம்.

பிள்ளையின் ஐயம் யாது? ஆசிரியர் பலகையில் ஒரு பின்னத்தை எழுதுகிறார். எக்ஸ் என்ற எண்ணின் வர்க்கத்திலிருந்து 25ஐக் கழித்தது மேலே. எக்ஸிலிருந்து 5ஐக் கழித்தது கீழே. "எக்ஸுக்கு 5 என்று போடாதே, கீழே சுழியம் வந்துவிடும், சுழியத்தால் வகுத்தல் ஆகாது" என்கிறார். மேலேயுள்ளதைக் காரணிப்படுத்தி, மேலும் கீழும் பொதுவாயிருக்கும் உறுப்பை அடித்துவிடுகிறார். எக்ஸுடன் 5 கூட்டியது மட்டும் எஞ்சுகிறது. உடனே, "இப்போது 5 என்று போடு, விடை 10" என்கிறார். சென்ற வரியில் கூடாதென்று விலக்கியதை இந்த வரியில் எப்படிச் செய்யலாம்? நேர்மையான பிள்ளை இவ்விடத்தில்தான் தடுக்கி நிற்கிறது. கேட்காமல் மனப்பாடம் செய்யும் பிள்ளை கடந்து போய்விடுகிறது. கேட்கும் பிள்ளையை மந்தம் என்று நினைப்பது பெரும் அநீதியாகும்.

இதே வினாவை 1734இல் ஜார்ஜ் பார்க்லி என்னும் பாதிரியார் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் படைத்த நுண்கணிதம் அப்போது ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்த காலம். ஒரு சிறு அளவை முதலில் சுழியம் அல்லவென்று கொண்டு அதனால் வகுக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அதையே சுழியம் என்று தள்ளிவிடுகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். கணித மேதைகளால் இதற்கு உடனே முழு விடை தர இயலவில்லை. பிரெஞ்சு நாட்டுக் கோஷி 1821இல் எழுதிய பாடநூலில் 'எல்லை' என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். அதன் பின்னர் ஜெர்மானியரான வையர்ஸ்ட்ராஸ் அதனைப் பிசிறின்றிச் செப்பனிட்டார். இவர் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த பின்னரே பெர்லினில் பேராசிரியரானவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது. நூறாண்டுக்கு மேல் அறிஞர் உலகத்தை அலைக்கழித்த வினாவை நம் வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பில் கேட்டால் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டாமா?

விடையை ரயிலிலிருந்தே தொடங்குவோம். ஓடும் வண்டியின் வேகத்தைக் கடிகாரம் கொண்டு அறியும் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல் வரை 72 வினாடி ஆயிற்றென்றால், 3600ஐ 72ஆல் வகுக்க, மணிக்கு 50 கிலோமீட்டர். ஆனால் இது அந்த ஒரு கிலோமீட்டர் முழுவதற்கும் உரிய சராசரி. குறிப்பிட்ட ஒரு கணத்தில் வேகம் என்ன? கணம் என்றால் கடந்த தூரமும் இல்லை, கழிந்த நேரமும் இல்லை. சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க வேண்டியதாகிறது!

நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியொன்று சீராக வேகம் பிடிக்கிறது என்க. புறப்பட்டு எத்தனை வினாடியோ, அதன் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கு மீட்டர் அது கடந்த தூரம் என்று கொள்வோம். 30ஆம் வினாடியில் 90 மீட்டர். 40ஆம் வினாடியில் 160 மீட்டர். இடைப்பட்ட 10 வினாடிக்குச் சராசரி வேகம் வினாடிக்கு 7 மீட்டர். 30 முதல் 35 வரை பார்த்தால் 6.5. 30 முதல் 31 வரை 6.1. வினாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பார்த்தால் 6.01. முன்பக்கமிருந்தும் பார்க்கலாம்: 29 முதல் 30 வரை 5.9, 29.9 முதல் 30 வரை 5.99. இந்த எண்களைப் பிள்ளை தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்; சூத்திரம் பிறகு வரட்டும். இரு பக்கமிருந்தும் எண்கள் 6ஐ நோக்கி நெருங்கி வருவதைக் கண்ட பிறகு, 'எல்லை 6' என்று சொன்னால் அச்சொல் வெறும் ஒலியாய் இராது. வினாடிக்கு 6 மீட்டர் என்பது மணிக்கு 21.6 கிலோமீட்டர்.

இடைநேரத்தை 'சி' வினாடி என்று கொண்டு கணக்கிட்டால் சராசரி வேகம் 6உடன் சியில் பத்திலொன்று கூட்டியதாக வரும். இனிப் பார்க்லிக்கு விடை சொல்லலாம். சியை நாம் ஒருபோதும் சுழியம் ஆக்கவில்லை. சுழியமல்லாத சியால் வகுத்தோம், அது முறையே. பிறகு, 'சி சுழியமானால் என்ன?' என்று கேட்கவில்லை. 'சி சுழியத்தை நெருங்க நெருங்க விடை எதை நெருங்குகிறது?' என்றே கேட்டோம். இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். பலகையில் 5 என்று போட்ட ஆசிரியர் இரண்டாம் வினாவுக்கே விடை சொன்னார். அதை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டார்.

'நெருங்குகிறது' என்ற சொல் வழுக்கலானது என்று யாரேனும் மறுக்கலாம். அதற்கும் வழியுண்டு. தணிக்கை அதிகாரி ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்க. "உம் விடை 6இலிருந்து நூறில் ஒரு பங்குக்கு மேல் விலகலாகாது" என்கிறார். "சியைப் பத்திலொரு வினாடிக்குள் வைத்துக்கொள்ளும், விலகாது" என்கிறோம். "ஆயிரத்தில் ஒரு பங்கு" என்று இறுக்குகிறார். "நூறிலொரு வினாடிக்குள் வையும்" என்கிறோம். அவர் எவ்வளவு இறுக்கினாலும், அவர் கேட்ட அளவைப் போல் பத்து மடங்குக்குள் சியை நிறுத்தினால் போதும். எந்தக் கேள்விக்கும் நம் கையில் விடை தயாராக இருப்பதால் 6ஐ எல்லை என்கிறோம். கல்லூரிப் புத்தகத்தில் எப்ஸிலான், டெல்டா என்று இரு கிரேக்க எழுத்துகள் வந்து பிள்ளைகளை மிரட்டுமே, அவை இந்த உரையாடல்தான். எப்ஸிலான் அதிகாரி கேட்பது. டெல்டா நாம் கொடுப்பது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'லிமிட்' என்றதும் நம் பிள்ளைகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நினைவுக்கு வருகிறது. தாண்டக் கூடாத அளவு என்று எண்ணிக்கொள்கின்றனர். இது கணக்குக்குப் பொருந்தாது. 1இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே ஒற்றைப்படை எண்களைக் கொண்டு சென்று, ஒவ்வொரு நிலையிலும் கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் 4, 2.67, 3.47, 2.90, 3.34 என்று வரும். மேலும் கீழும் தாவித் தாவி, ஒவ்வொரு தாவலிலும் எல்லையைத் தாண்டிக்கொண்டே அது 3.14159 என்று தொடங்கும் வட்ட விகிதத்தை நெருங்குகிறது. இத்தொடரைக் கண்டவர் பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராமத்தில் வாழ்ந்த மாதவன் என்பது அவர் வழிவந்தோர் கூற்று. அதன் நிறுவலைப் பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் மலையாள உரைநடையிலேயே 'யுக்திபாஷா' என்ற நூலில் எழுதிவைத்தார். தாய்மொழியில் உயர்கணிதம் கூறலாகாது என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். இந்தி வழியில் படிக்கும் பிள்ளைகள் 'சீமா' என்கிறார்கள். நம் 'சீமை' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். 'எல்லை' என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தால் எல்லைக்கல் நினைவுக்கு வரும்; எந்தத் திசையிலிருந்தும் அணுகலாம், கடந்தும் போகலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் எல்லை இருக்கும் என்று நினைக்கலாகாது. முன்பதிவில்லாத பெட்டியில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டா. ஐந்து நிரம்பியதிலிருந்து பன்னிரண்டு நிரம்பும் வரை அரைச் சீட்டு. முழுக் கட்டணம் 100 ரூபாய் என்றால், குறைந்தபட்சக் கட்டண விதிகளை ஒதுக்கிவைத்து, வயதைச் சார்ந்து கட்டணம் எவ்வாறு மாறுகிறதென்று பார்க்க. வயது கீழிருந்து ஐந்தை நெருங்கும்போது, முந்தைய நாள் வரையிலும், முந்தைய மணி வரையிலும் கட்டணம் சுழியமே. மேலிருந்து நெருங்கினால் 50 ரூபாய். இடப்பக்க எல்லை ஒன்று, வலப்பக்க எல்லை வேறொன்று. ஆகவே ஐந்தில் எல்லை இல்லை. ஐந்தாம் பிறந்தநாளில் கட்டணம் என்னவோ திட்டமாக 50 ரூபாய்தான்! முன்பு பார்த்த பின்னத்திலோ, ஐந்தில் மதிப்பே இல்லை, எல்லை மட்டும் 10 என்று இருந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், ஓரிடத்தில் உள்ள மதிப்பு வேறு, அவ்விடத்தை நோக்கிய எல்லை வேறு என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும். இரண்டும் இருந்து ஒன்றாகவும் அமைந்துவிட்டால் அதைத் தொடர்ச்சி என்பர்.

தேர்வில் தவறாது வருவது இன்னொன்று: கோணத்தின் சைன் மதிப்பைக் கோணத்தால் வகுத்தால், கோணம் சுழியத்தை நெருங்கும்போது எல்லை 1. இதைப் பிள்ளைகள் கணிப்பானில் சரிபார்க்கப் போய், 1க்குப் பதில் 0.01745 என்று வரக் கண்டு திகைப்பதுண்டு. கோணத்தைப் பாகையில் கொண்டதால் வந்த வினை. ரேடியனில் அளத்தல் வேண்டும். 10 பாகைக்குரிய ரேடியன் 0.17453, சைன் 0.17365, விகிதம் 0.9949. ஒரு பாகைக்கு விகிதம் 0.99995. காரணம், வில் சிறுத்தால் அதன் நாணும் வில்லும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. வளைவுப் பாதையை 20 மீட்டர் நாண் பிடித்து அளக்கும் நம் பாதைப் பிரிவுத் தோழர்களுக்கு இது பழகிய செய்தி. 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த 20 மீட்டர் நாணுக்கும் அதற்குரிய வில்லுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

பாடம் தொடங்குமுன்னரே, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. நாலில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்துநாலில் ஒன்று என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே சென்றால் தொகை எதை நெருங்கும்? மாதவன் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபட்டீயத்திற்கு எழுதிய உரையில் இதை ஆராய்ந்து, மூன்றில் ஒன்று என்று காட்டியிருக்கிறார். வீட்டில் இதற்குச் சூத்திரம் வேண்டா. சதுரமான மைசூர்பாகுத் துண்டு ஒன்று, பிள்ளைகள் மூவர். துண்டை நான்காக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்க, ஒன்று மீதி. அம்மீதியை நான்காக வெட்டி மீண்டும் ஆளுக்கொன்று. மீண்டும் ஒன்று மீதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தது நாலிலொன்று, பதினாறிலொன்று, அறுபத்துநாலிலொன்று. மூவருக்கும் எப்போதும் சமமாகவே போகிறது. கத்தியின் கீழுள்ள மீதி சுருங்கிக்கொண்டே வருகிறது. நான்காம் முறை வெட்டிக் கொடுத்ததும் எஞ்சுவது முழுத் துண்டில் 256இல் ஒரு பங்கு. அந்தத் துணுக்கை யார் வாயில் போடுவதென்று பிள்ளைகள் சண்டையிடத் தொடங்கும்போது, ஐந்தாம் வெட்டுக்குப் பின் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டுப் பார்க்கவும்.